நெய்யாற்றுக்குத் தெற்கே ஒரு வாசகசாலை

ஆரல்வாய்மொழி

கோவில்பட்டியில் ஆனி மாதம் என்றால் காற்றுதான். மழை எட்டிப் பார்க்காது. கரிசல் புழுதியை அள்ளி வந்து, கொடியில் காயும் சேலையில் அப்பிவிட்டுப் போகிற காற்று. அது வருகிற வழியைப் பார்க்க வேண்டுமென்றால் நாகர்கோவில் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் போதும். முப்பந்தலில் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் காற்றாலைகள் தலைதெறிக்கச் சுற்றிக்கொண்டிருந்தன. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டியதும் வயலும் தென்னையும் தாமரைக் குளமும் ஆரம்பித்துவிட்டன. மேற்கே வானம் கறுத்துக் கிடந்தது. மலைக்காரி மழையைத் தன் மேற்குப் பக்கத்திலேயே இறக்கி வைத்துக்கொண்டு வெறுங்காற்றை மட்டும் நம் பக்கம் தள்ளிவிடுகிறாள்.

எங்கள் பக்கம் எழுத்தாளர்களுக்குப் பஞ்சம் கிடையாது. இடைசெவல் என்ற ஒரே கிராமத்திலிருந்து கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் வந்தார்கள். ஆனாலும் நான் உருகி உருகிப் படித்தது இந்தக் கணவாய்க்கு மேற்கே பிறந்த புத்தகங்களைத்தான். அதற்கு இலக்கியக் காரணம் எதுவும் இல்லை. நான் வாழ்க்கைப்பட்டது கூட்டுக் குடும்பத்தில். கிளை நூலகம் நடந்து போகிற தூரத்தில்தான் இருந்தது; மருமகள் சாயங்காலம் நூலகத்துக்குப் போகிற வழக்கம்தான் அந்த வீட்டில் இல்லை. கொழுந்தனாருக்கு நாகர்கோவிலில் வேலை. சனிக்கிழமை வரும்போது ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு, கூட வேலை பார்க்கிறவர்களிடம் இரவல் வாங்கிய புத்தகமும் ஒன்று பையில் இருக்கும். அவர் படிக்கிற ஆள் இல்லை. மதினி கேட்டார்களே என்று கைக்கு அகப்பட்டதை வாங்கி வருவார். இப்படித்தான் சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’, நீல. பத்மநாபனின் ‘தலைமுறைகள்’, ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’, தோப்பில் முகமது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’, ஜெயமோகனின் ‘ரப்பர்’ எல்லாம் எங்கள் அடுப்படிக்கு வந்து சேர்ந்தன. நான் தேர்ந்தெடுத்துப் படித்தவை அல்ல. யாரோ ஒரு குமாஸ்தாவின் மேஜையில் இருந்தவை. அந்தக் குமாஸ்தாவுக்கு நல்ல ருசி இருந்தது என் அதிர்ஷ்டம்.

இந்தக் கணவாய்க்கு இன்னொரு வாசிப்புக் கதையும் உண்டு. 1910 செப்டம்பர் 26ஆம் தேதி திருவிதாங்கூர் அரசு ‘சுதேசாபிமானி’ பத்திரிகையின் அச்சகத்தைப் பறிமுதல் செய்து, அதன் ஆசிரியர் கே. ராமகிருஷ்ண பிள்ளையை நாடு கடத்தியது. திவானையும் அரண்மனைச் சேவகர்களையும் விடாமல் எழுத்தால் விரட்டியவர். இந்த வழியாகத்தான் திருநெல்வேலியில் கொண்டுவந்து விட்டார்கள். நெய்யாற்றின்கரைக்காரர். நான் அவர் ஊர்ப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தேன்.

நாகர்கோவில், மார்த்தாண்டம்

நாகர்கோவிலில் இறங்கி ஒரு தேநீர் குடித்ததோடு சரி. புளியமரத்தைத் தேடி நாவலாசிரியர் காட்டிய ஊரில் அலைகிற பக்தி என்னிடம் இல்லை. மரம் இருந்தது அந்த நாவலில் கதை சொல்லும் தாமோதர ஆசானின் வாயில். அவர் சொன்னால்தான் அதற்கு இலையும் காயும். ஆனால் ஒன்று யோசித்துப் பார்த்தேன். சுந்தர ராமசாமியின் சிறுவயது கோட்டயத்தில் கழிந்தது. தமிழ் எழுதப் படிக்க வாலிப வயதில்தான் கற்றுக்கொண்டார். தோப்பில் மீரான் பள்ளியில் படித்தது மலையாளம். ஜெயமோகனின் வீட்டுப் பேச்சு மலையாளம். என் அடுப்படித் தமிழைக் கட்டியவர்களில் பாதிப் பேர் பக்கத்து மொழியிலிருந்து நடந்து வந்தவர்கள்.

மார்த்தாண்டத்தில் தோழி ஏறிக்கொண்டாள். என்னோடு வேலை பார்த்தவள், என்னைவிடப் பத்து வயது இளையவள், பேச ஆரம்பித்தால் பஸ் கண்டக்டரே விசிலை மறந்துவிடுவார். கேரள எல்லைக்குள் கொல்லயிலில் அவளுடைய அத்தை வீடு. ஜூன் 19 வாசிப்பு தினம், வாசகசாலையில் விழா, “எக்கா, நீங்க ஒருக்கா வந்து பாக்கணும்” என்று வருஷக்கணக்கில் அழைத்துக்கொண்டிருந்தாள்.

பஸ் போகிற வழியெல்லாம் ரப்பர் மரங்கள் மழைக்குப் பாவாடை கட்டியிருந்தன. வெட்டுவாய்க்கு மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றித் தாரில் ஒட்டி வைத்தால் மழைக்காலத்திலும் பால் எடுக்கலாம். 1990இல் வந்த ‘ரப்பர்’ நாவலைப் பற்றிப் பேச்சு வந்தது. எனக்கு அது ஒரு குடும்பம் சரிகிற கதை. அவளுக்கு அப்படி இல்லை. “சின்னப் புள்ளையில ஷீட்டு அடிச்சு, ஆசிட்டு மணத்துல சோறு தின்னவளுக்கு அதுல புதுசா என்னக்கா இருக்கு? பெருவட்டரு மாதிரி ஒருத்தரு எங்க குடும்பத்துலயும் உண்டு. அவிய காடு வெட்டுன கதையச் சொல்லும்போ நாங்க கை தட்டுவோம். அந்த நாவல வாசிச்ச பொறகுதான் கை தட்ட வரல்ல.” இந்த ஒரு வரிக்கு மேல் அந்த நாவலைப் பற்றி நான் படித்த மதிப்புரைகள் எதுவும் சொல்லிவிடவில்லை.

களியக்காவிளை

எல்லை என்று சொல்லிக்கொள்ள களியக்காவிளையில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு பஸ் நிலையம், மீன் வாசம், வாழைக்குலை ஏலம், லாட்டரிச் சீட்டு விற்கிறவர்களின் குரல். கொஞ்சம் தள்ளி இஞ்சிவிளை வந்துவிட்டால் கேரளம். போர்டுகளின் எழுத்து வட்டமாகிறது, அவ்வளவுதான். ஐம்பது வயதுக்கு மேல் நான் மலையாளம் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டேன். அதற்கு எனக்குக் கிடைத்த முதல் பாடநூல் கேரள அரசு பஸ்களின் ஊர்ப்பெயர்ப் பலகை. ‘பாறசால’ என்று நான் சத்தமாக வாசித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும்.

1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரைப் பகுதியையும் கேட்டது, கிடைக்கவில்லை. 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. அந்தக் கோபம் நியாயமானது. அதே சமயம், கோடு எங்கே போட்டாலும் யாராவது ஒரு அத்தை அந்தப் பக்கம்தான் இருப்பாள்.

எல்லைக்கு அந்தப் பக்கம் கொல்லயில் ஊராட்சியில் தனுவச்சபுரம். அங்கே 1964இல் தொடங்கிய கல்லூரிக்கு வேலுத்தம்பி பெயர். வேலுத்தம்பி தளவாய் பிறந்த தலக்குளம் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில். தமிழ்நாட்டில் பிறந்தவர் பெயரில் கேரளத்தில் கல்லூரி என்று சொன்னால் அங்கே யாருக்கும் அது விசேஷமாகப் படவில்லை. அவர்களுக்கு அது ஒரே திருவிதாங்கூர்.

கொல்லயில்

எங்கள் ஊரில் ஒரு தெருமுனையில் நின்றால் அடுத்த ஊர்க் கோபுரம் தெரியும். கொல்லயிலில் பக்கத்து வீடே தெரிவதில்லை. வாழை, மரச்சீனி, மிளகுக் கொடி சுற்றிய மரங்கள், நடுவில் செம்மண் வழி, ஒரு வளைவு, அப்புறம் திடீரென்று ஒரு வீட்டு முற்றம். ஊர் என்றால் வீடுகள் நெருங்கி நிற்பது என்று பழகிய கண்ணுக்கு இது ஊராகவே படவில்லை. “ஊர் எங்கே?” என்று கேட்டேன். “ஊருக்குள்ளதான நிக்கியோம்” என்றாள் தோழி. அந்த மறைவுக்குள் உட்கார்ந்து மழையைக் கேட்டுக்கொண்டு ஒருத்தி நாளெல்லாம் புத்தகம் வாசிக்கலாம், ஒருத்தருக்கும் தெரியாது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

அத்தை வாசலுக்கு வந்து “கேறி வா மக்களே” என்றார். அவர் பேசுவது தமிழா மலையாளமா என்று பிரிக்கப் பார்த்தேன். வாக்கியம் ஒன்றில் ஆரம்பித்து மற்றதில் முடிந்தது. மத்தியானத்துக்குப் பெருமணிச் சம்பா அரிசிச் சோறு, சக்கைக்கொட்டையும் மாங்காயும் போட்ட கறி, உள்ளித் தீயல், நெத்திலி அவியல். நான் மீன் சாப்பிடுவேனா என்று கேட்கவில்லை. சாப்பிடாத மனுஷர் உண்டு என்பதே அத்தைக்கு நினைவில்லை. சக்கைப் பருவம் முடிகிற நேரம். மழையில் விழுந்த கடைசிப் பழங்களின் மணம் முற்றமெல்லாம் அடித்தது. சாயங்காலம் கட்டன் சாயாவும் ஏத்தங்காய் அப்பமும். எங்கள் ஊர்க் கடலை மிட்டாயைப் பிள்ளைகளுக்கென்று வாங்கிப் போயிருந்தேன். 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாயாக்கும் என்று பெருமை அடித்துக்கொண்டேன். அத்தை ஒன்றைக் கடித்து, “பல்லுள்ளவங்களுக்கு நல்லது” என்றார்.

வாசகசாலை ஓட்டுக்கூரையோடு ரோட்டோரத்தில் இருந்தது. மேற்கூரையிலிருந்து நீர் ஒழுகும் இடத்தில் ஒரு வாளி. உள்ளே மரபீரோக்கள், பழுப்புத் தாள் அட்டை போட்ட புத்தகங்கள், நீளமான ஒரு மேஜை, அதைச் சுற்றி அன்றைய தினசரிகளைப் பங்கு போட்டுப் படித்துக்கொண்டிருந்த பெரியவர்கள். ஒருவர் முதல் பக்கம், இன்னொருவர் விளையாட்டுப் பக்கம். சுவரில் பி.என். பணிக்கரின் படம், அதற்கு முன்னால் குத்துவிளக்கு.

பணிக்கரைப் பற்றித் தமிழ்நாட்டில் அதிகம் பேசுவதில்லை. 1909இல் நீலம்பேரூரில் பிறந்தவர், பள்ளி ஆசிரியர். 1945இல் அம்பலப்புழையில் 47 வாசகசாலைகளைக் கூட்டித் திருவிதாங்கூர் கிரந்தசாலா சங்கத்தை உண்டாக்கினார். அதற்கப்புறம் ஊர் ஊராக நடந்ததுதான் அவர் வாழ்க்கை. 1995 ஜூன் 19இல் இறந்தார். மறு வருஷத்திலிருந்து அந்த நாள் கேரளத்தில் வாசிப்பு தினம். ஓர் ஆசிரியரின் நினைவு நாளில் ஒரு மாநிலமே புத்தகத்தைக் கையில் எடுக்கிறது என்பதை எங்கள் ஊரில் சொன்னால் நம்ப யோசிப்பார்கள்.

விழாவில் பேச்சுகள் நீளம். அதில் இரு மாநிலங்களுக்கும் வித்தியாசம் இல்லை. பிள்ளைகளின் வாசிப்புக் குறிப்புதான் விழா. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி பஷீரின் ‘பாத்துமாவின் ஆடு’ பற்றி எழுதி வாசித்தாள். அந்தக் கதையில் ஆடு பஷீரின் சொந்தப் புத்தகங்களையே தின்றுவிடும். புத்தகம் போனாலும் போகட்டும், போர்வையை விட்டுவிடு என்று அவர் அதனிடம் கெஞ்சுவார். எல்லோரும் சிரிக்கிற இடம். இந்தப் பெண் எழுதியிருந்தது வேறு: அந்த வீட்டில் அத்தனை பேருக்கும் பசி, ஆட்டுக்கும் பசி, பஷீர் மட்டும்தான் ஆட்டின் பசியைக் கோபிக்காதவர். நான் அந்தக் கதையைப் பல தடவை படித்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் சிரித்திருக்கிறேன். இனிமேல் பசியை மறந்துவிட்டு அதைப் படிக்க முடியாது.

அதன் பின் பெரியவர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சி.வி. ராமன் பிள்ளையின் ‘மார்த்தாண்டவர்மா’தான் அன்றைய பேச்சு. 1891இல் வந்த நாவல், மலையாளத்தின் முதல் சரித்திர நாவல். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், எல்லோருக்கும் ‘சார்’, என்னையும் இழுத்துவிட்டார். “அம்மா வாசிச்சிட்டுண்டா?” தமிழ் மொழிபெயர்ப்பில் வாசித்ததாகச் சொன்னேன். “எந்தரு தோணி?” ராஜா எனக்கு ஒட்டவில்லை, சுபத்திரைக்காகத்தான் அந்த நாவலை முடித்தேன் என்றேன். மேஜையின் ஒரு பக்கம் ஆமோதித்தது. மறுபக்கம் கொதித்தது. மார்த்தாண்டவர்மா பகைவர்களான எட்டுவீட்டுப் பிள்ளைமாருக்குத் தப்பி ஒளிந்த பலாமரம் பக்கத்து நெய்யாற்றின்கரைக் கோயிலில் நிற்கிறது. அவர்களுக்கு அந்த ராஜா கதாபாத்திரம் இல்லை, பக்கத்து ஊர்க்காரர். “எட்டுவீட்டுப் பிள்ளைமாரின் பக்கத்து நியாயத்தை யார் எழுதினார்கள்?” என்று ஒருவர் கேட்க, “தோற்றவனுக்கு நாவல் கிடையாது” என்று இன்னொருவர் முடித்துவைக்கப் பார்த்தார். முடியவில்லை. மழை பெய்துகொண்டே இருந்தது. வாளி நிறைந்ததும் ஒருவர் எழுந்து போய்க் கொட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார்.

நான் புத்தகங்களை எப்போதும் தனியாகவே படித்து, தனியாகவே ஜீரணித்தவள். ஒரு நாவலுக்காக இத்தனை பேர் முகம் சிவந்து நான் பார்த்ததில்லை. எங்கள் ஊர் நூலகத்தில் ‘அமைதி காக்கவும்’ என்று எழுதிப் போட்டிருக்கும்.

அந்தப் பலகைக்குக் காரணம் உண்டு. சுதந்திர இந்தியாவில் முதலில் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாகாணம் நம்முடையது, 1948இல். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனின் உழைப்பு அது. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்து வாங்கி, அதில் நூலகம் நடத்தும் ஏற்பாடு. நூலகர் அரசு ஊழியர், நாம் உறுப்பினர். புத்தகம் வரும், வாங்கிக்கொள்ளலாம். கேரளத்தின் சட்டம் 1989இல்தான் வந்தது. ஆனால் அங்கே சட்டத்துக்கு முன்பே ஊர்க்காரர்கள் சேர்ந்து கட்டிய வாசகசாலைகள் இருந்தன. இன்றைக்கு எட்டாயிரத்துக்கும் மேல். உறுப்பினர்களே தலைவரையும் செயலாளரையும் தேர்ந்தெடுக்கிறார்கள். அரசின் நூலக கவுன்சில் தரம் பார்த்து மானியம் தருகிறது. எது மேல் என்று கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் வராது. அங்கே வாசகசாலைத் தேர்தலில் கட்சி புகுந்துவிடும், நூலகருக்குக் கிடைப்பது சொற்பப் படி, கூரை ஒழுகினால் ஊரே பார்த்து ஓடு மாற்ற வேண்டும். இங்கே கட்டிடம் உறுதி, சம்பளம் உறுதி. ஆனால் நம் நூலகத்தில் என்ன புத்தகம் வாங்கலாம் என்று என்னை யாரும் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்கலாம் என்று எனக்கும் தோன்றியதில்லை.

தனுவச்சபுரம் வழி

மறுநாள் காலையில் மழை விட்டிருந்தது. வாசகசாலையிலிருந்து ஒரு பெண் துணிப்பை இரண்டில் புத்தகம் அடுக்கிக்கொண்டு கிளம்பினாள். கூடப் போகலாமா என்று கேட்டேன். “வாருங்க, நடக்கணும்” என்றாள். வீட்டுக்கு வீடு புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்கப் பெண்களை வைக்கும் திட்டம் கேரள நூலக கவுன்சிலுக்கு உண்டு. வாசகசாலைக்கு வர முடியாத பெண்களுக்கும் முதியவர்களுக்கும் புத்தகம் நடந்து போகிறது.

அவள் பைக்கட்டு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. இடது தோளில் கொடுக்கப் போகிற புத்தகங்கள், வலது தோளில் வாங்கி வந்தவை. நனையாமல் இருக்க ஒவ்வொன்றும் பால் கவர் மாதிரி ஒரு பிளாஸ்டிக் உறைக்குள். ரிஜிஸ்டர் நெஞ்சோடு சேலைக்குள். பேனாவைக் கொண்டையில் செருகியிருந்தாள். ஒரு வீட்டுக்குள் நுழையும்போதே எந்தப் பைக்குள் எந்தப் புத்தகம் என்று பார்க்காமலே கை போகிறது.

முதல் வீட்டில் ஒரு பாட்டி. கர்க்கடக மாதம் வரப்போகிறது, மாதம் முழுக்க ராமாயணம் வாசிக்க வேண்டும், எழுத்து பெரிதாக உள்ள எழுத்தச்சன் ராமாயணம் வேண்டும் என்று முன்பதிவு. “போன வருஷம் தந்ததுல யுத்த காண்டத்துல நாலு பக்கம் காணல்ல. ராவணன் சாகாமலே பட்டாபிஷேகம் ஆச்சு” என்று புகார். ரிஜிஸ்டரில் குறித்துக்கொண்டாள்.

இன்னொரு வீட்டில் ரப்பர் பால் எடுத்துவிட்டு வந்து கை கழுவிக்கொண்டிருந்த ஒருத்தி பென்யாமினின் ‘ஆடு ஜீவித’த்தைத் திருப்பிக் கொடுத்தாள். 2008இல் வந்த நாவல். சினிமா வந்த பிறகு கேட்பவர்கள் கூடிவிட்டார்களாம். வளைகுடாவில் ஆட்டுப் பண்ணையில் அடைபட்ட ஒருவனின் கதை. முடித்துவிட்டாயா என்று புத்தகக்காரி கேட்டாள். இல்லை, பாதியில் வைத்துவிட்டேன் என்றாள். கொஞ்ச நேரம் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். “எங்காளு பதினோரு வருஷம் அங்க இருந்தாரு. சொகமா இருக்கேன்னுதான் எல்லாக் கடுதாசியிலயும். வாசிக்க வாசிக்க அந்தக் கடுதாசியெல்லாம் எடுத்துப் பாக்கத் தோணுது. வேண்டாம்.” அதற்குப் பதிலாக என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, சிரிக்கிற மாதிரி ஏதாவது என்றாள். வலது பையிலிருந்து, முந்தைய வீட்டில் அப்போதுதான் வாங்கிய பஷீர் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். ஒரு வீட்டில் முடிந்தது அடுத்த வீட்டில் தொடங்குகிறது.

நாவலைப் பாதியில் வைப்பதைக் குறையாகச் சொல்கிற விமரிசகர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெண் அந்த நாவலை நான் படித்ததைவிட முழுதாகப் படித்தாள் என்றே நினைக்கிறேன்.

வழியில், ரயில் பாலத்தடியில் சாரலுக்கு ஒதுங்கி நின்றோம். திருவனந்தபுரம் – நாகர்கோவில் பாதை 1979இல் வந்தது. தனுவச்சபுரத்தில் பாசஞ்சர்தான் நிற்கும். நீங்கள் என்னவெல்லாம் வாசிப்பீர்கள் என்று அவள் கேட்டாள். இந்த மண்ணிலேயே நடக்கிற தமிழ் நாவல் ஒன்று சொல்கிறேன் என்று ‘புத்தம் வீடு’ கதையைச் சொன்னேன். 1964இல் வந்தது. எழுதிய ஹெப்சிபா ஜேசுதாசன் திருவனந்தபுரம் பெண்கள் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர். பனையேறிகளின் ஊர், நொடித்துப்போன பெரிய வீடு, அங்கே லிஸி. வயதுக்கு வந்ததும் பள்ளியை நிறுத்தி வீட்டுக்குள் வைத்துவிடுகிறார்கள். பனையேறி மகன் தங்கராஜின் மேல் ஆசை. தாத்தா கண்ணப்பச்சி, கொலைப்பழி, எல்லாம் சொன்னேன். காதல் கதையாகவே அதைப் பலரும் சொல்வார்கள்; நானும் கல்யாணத்துக்குப் பிந்தைய முதல் வாசிப்பில் தங்கராஜுக்காகத்தான் அழுதேன்.

அவள் தங்கராஜைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “பள்ளிக்கூடத்த நிறுத்தின பொறவு அந்தக் குட்டிக்கு யாரு புத்தகம் கொண்டு குடுத்தாவ?” என்று கேட்டாள்.

எனக்கு ஒரு கொழுந்தனார் இருந்தார் என்று மட்டும் சொன்னேன். அவளுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. “உங்களுக்கு இஷ்டமுள்ளத அவரு கொண்டு வருவாரா, அவருக்குக் கிட்டினதக் கொண்டு வருவாரா?” என்றாள். கிடைத்ததை என்றேன். “அதான்” என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தாள். அந்த ‘அதான்’ அவ்வளவு சுலபமாக என்னை விடவில்லை. நான் எந்தப் புத்தகங்களை என் புத்தகங்கள் என்று கொண்டாடுகிறேனோ, அவற்றில் ஒன்றுகூட நான் பேர் சொல்லிக் கேட்டதில்லை. இந்தப் பெண்ணின் ரிஜிஸ்டரில் ‘வேண்டும் புத்தகம்’ என்று ஒரு பத்தி இருக்கிறது. பாட்டியும் ரப்பர்க்காரியும் அதில் தங்கள் வாயால் சொல்கிறார்கள்.

நெய்யாற்றின்கரை

அமரவிளையில் நெய்யாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது ஆறு செம்மண் கரைத்து நிறையப் போய்க்கொண்டிருந்தது. கோயிலுக்குள் அந்தப் பலாமரத்தைப் பார்த்தோம். அம்மச்சிப் பிலாவு என்கிறார்கள். பட்டுப்போன அடிமரம், பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். ஒரு ராஜா ஒளிகிற அளவுக்குப் பொந்து இருந்திருக்கலாம். சார் கூட வந்திருந்தால் நேற்றைய சண்டை மறுபடி மூண்டிருக்கும்.

நெய்யாற்றின்கரைக்காரர் ராமகிருஷ்ண பிள்ளையின் கதையை மிச்சம் வைத்திருந்தேன். நாடு கடத்தப்பட்ட பிறகும் அவர் கை ஓயவில்லை. 1912இல் கார்ல் மார்க்ஸின் வாழ்க்கை வரலாற்றை மலையாளத்தில் எழுதினார். இந்திய மொழி எதிலும் அதுதான் முதல். ரஷ்யப் புரட்சிக்கு ஐந்து வருஷம் முன்பு. 1916இல் கண்ணூரில் இறந்தபோது நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஊர் அவரை நன்றாகவே நினைவு வைத்திருக்கிறது. எனக்கோ அவர் மனைவி பி. கல்யாணி அம்மாவின் மேல்தான் கண். கணவரோடு ஊர் ஊராக அலைந்தவர். அந்தப் பன்னிரண்டு வருஷ வாழ்க்கையை ‘வியாழவட்ட ஸ்மரணகள்’ என்று 1916இலேயே எழுதிவிட்டார். வியாழன் ஒரு சுற்றுச் சுற்ற ஆகும் காலம் அந்த இல்லறம். அந்தப் புத்தகத்தை வாசகசாலையிலிருந்து தோழியின் அத்தை பெயரில் எனக்குப் பதிந்து கொடுத்தாள் புத்தகக்காரி. நானே கேட்டு வாங்கியது. எழுத்துக் கூட்டித்தான் படிக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு ஒரு சாயா ஆகிறது.

அருவிப்புறத்துக்கும் போனோம். 1888இல் நாராயண குரு ஆற்றிலிருந்து கல்லெடுத்துச் சிவனாகப் பிரதிஷ்டை செய்த இடம். அந்தப் புரட்சியைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். அவர் நல்ல தமிழ் வாசகர் என்பதைச் சொல்வது குறைவு. தமிழில் தேவாரப் பதிகங்கள் பாடியவர், திருக்குறளில் கொஞ்சம் மலையாளத்தில் ஆக்கியவர். அவர் மேஜையில் எல்லை இல்லை. வெள்ளம் அதிகம் என்று ஆற்றுப் பக்கம் இறங்க விடவில்லை, திரும்பிவிட்டோம்.

பஸ் நிலையத்தில் வடையை ரசத்தில் ஊறப்போட்டுத் தோசையோடு தருகிற தட்டுக்கடையில் நின்றபோதுதான் தோழி விஷயத்துக்கு வந்தாள். வாசகசாலைக்காரர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் காதால் புரியும், எழுத்து தெரியாது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தமிழ் நாவல் ஒன்றை இவள் சத்தமாக வாசிக்க வேண்டும், அவர்கள் கேட்டுச் சண்டை போட வேண்டும் என்று செயலாளர் ஏற்பாடு செய்துவிட்டாராம். புத்தகம் அனுப்ப வேண்டியது நான். சாருக்குக் கி.ரா. வேண்டும், ‘கோபல்லபுரத்து மக்க’ளுக்கு 1991இல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது அவருக்குத் தெரிந்திருக்கிறது. புத்தகக்காரிக்கு லிஸியின் கதை வேண்டும்.

ஊர்ப்பாசம் என்னைக் கி.ரா. பக்கம் இழுத்தது உண்மை. ஆனால் கரிசல் வார்த்தைகளுக்கெல்லாம் ஆள் நின்று அர்த்தம் சொல்ல வேண்டும். ‘புத்தம் வீடு’ அவர்கள் வீட்டுப் பேச்சு, தோழி வாயைத் திறந்தால் போதும். முதலில் லிஸி போகட்டும் என்று சொன்னேன். கி.ரா.வை நான் நேரில் போய்த்தான் வாசிக்க வேண்டும். ஓணத்துக்கு முன்னால் வந்துவிடுங்கள் என்கிறார் செயலாளர்; ஆவணி முகூர்த்தமெல்லாம் முடியட்டும் என்கிறாள் தோழி. தேதி இன்னும் படியவில்லை.